கை நனைக்கப் போன வழியில் கார் கொதித்தது குறித்து

கோவில்பட்டி

மதிப்பிற்குரிய குளத்தூர் லிங்கராஜ் அண்ணாச்சி அவர்களுக்கு, கோவில்பட்டி மிளகாய் வத்தல் மண்டி செண்பகராஜ் கும்பிட்டு எழுதுவது. தங்கள் வீட்டில் மதினியும், மகன் மணிகண்டபிரபுவும், தங்கள் அக்கா கல்யாணசுந்தரி அம்மாளும் சுகமாக இருக்க வேண்டும்; உப்பளத்துக்கு வெயில் குறையக் கூடாது. இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. பொய் சொல்லி அனுப்பிய சரக்கு திரும்பி வரும் என்பது யாவாரத்தில் நான் கண்ட பாடம் என்பதால், சுகமில்லை என்றே எழுதுகிறேன்.

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீல டிக் விழுந்து அப்படியே கிடக்கிறது. அதனால்தான் தபால். "யோசிச்சுச் சொல்லுதோம்" என்று வெள்ளிக்கிழமை வாசலில் வைத்துச் சொன்னீர்கள். நானும் கொள்முதலுக்கு வருகிறவர்களிடம் அதைத்தான் சொல்வேன், வாங்கப் போவதில்லை என்று முடிவான பிறகு. என் மகள் இந்துஜாவின் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் தொங்குகிறது. அவள் அம்மா பொன்மணி சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கும் மண்டியில் வத்தலைக் கையில் அள்ளினால் காரம் தெரியவில்லை. ஆகையால் அன்று நடந்ததற்குக் காரணம் சகுனமல்ல, என் காரின் தண்ணீர்ப் பம்ப் என்பதை நிரூபிக்கவே இதை எழுதுகிறேன். பொறுமையாக வாசிக்க வேண்டும்.

கூலண்ட் குறைவது மாசியிலேயே ஆரம்பித்துவிட்டது. பானெட்டுக்குள் ஒரு வெள்ளை டப்பா இருக்கும், அதில் பச்சைத் தண்ணீர் மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். எனக்குக் கீழ்கோட்டுக்கும் கீழே போயிற்று. ஊற்றினேன், குறைந்தது, மறுபடி ஊற்றினேன். காருக்கு அடியில் குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ரேடியேட்டரைத் தடவினேன், ரப்பர் குழாய்களை அமுக்கிப் பார்த்தேன், எல்லாம் காய்ந்து கிடந்தது. எடை கூட்டுவதற்காக வத்தலில் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருகிறவர்களை மூட்டையைத் தொட்டே பிடிக்கிறவன் நான். கூடின தண்ணீரைத்தான் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியும், குறைந்த தண்ணீரைத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

மெக்கானிக் சங்கிலிப்பாண்டியிடம் கொண்டுபோனேன். அவன் பட்டறையின் மண்தரை எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்தது. அதில் எது ஒழுகினாலும் தெரியாது. அவன் ரேடியேட்டர் மூடியை மாற்றினான். அப்புறமும் குறைந்தது.

"அண்ணாச்சி, வெளிய ஒழுகலைன்னா உள்ள குடிக்குதுன்னு அர்த்தம். எஞ்சினப் பிரிச்சிர வேண்டியதுதான்" என்றான்.

"ஏலே, ஆயில் மோர் மாதிரி வெளுத்திருக்கா?"

"இல்ல."

"சைலன்சர்ல வெள்ளப் பொகை வருதா?"

"அதுவும் இல்ல."

"பெறவு எதை வச்சுலே பிரிக்கணும்ங்கே?"

"ஒரு நம்பிக்கைதான்."

நம்பிக்கையின் பேரில் எஞ்சினைப் பிரிக்க நான் சம்மதிக்கவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று டப்பாவை நிரப்பிக்கொண்டு கிளம்பினேன். சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை, இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் அப்புறம் பேச்சுக்கு இடமில்லை என்பது நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம், அதற்குள் இலையில் உட்கார வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் நியாயம். நாங்கள் எட்டரைக்கே கிளம்பிவிட்டோம். எட்டயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரம், இரண்டு பக்கமும் அறுத்துப் போட்ட காடு, நிழலுக்கு உடைமரம் கூட இல்லாத இடம், அங்கே போய்ச் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டு, பானெட்டிலிருந்து இட்லிக் கொப்பரை மாதிரி ஆவி கிளம்பியது. நிறுத்தி, ஆற வைத்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தால் உள்ளே தண்ணீரே இல்லை. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு, அதை ஊற்றினால் ரேடியேட்டர் அரித்துப் போகும். குடிக்கக் கொண்டுவந்த பாட்டில்களை ஊற்றினேன், போதவில்லை. கடைசியாகப் பன்னீர்ப் பாட்டிலை எடுத்தேன்.

"அது சபையில தெளிக்கக் கொண்டாந்தது. அதப் போயி கார்ல ஊத்துதீங்களே" என்றாள் பொன்மணி.

"சபைக்குப் போய்ச் சேந்தாத்தானட்டி தெளிக்க."

ஆகவே உங்கள் தெருவுக்குள் நாங்கள் நுழையும்போது காரிலிருந்து கல்யாண மண்டப வாசனையோடு புகை வந்தது உண்மைதான். பதினொன்றே காலுக்கு வந்தோம், ராகு காலத்தின் நட்டநடுவில். தங்கள் அக்கா வாசலில் நின்றபடி, "கொதிச்சுக்கிட்டு வந்த சம்பந்தம் குளுந்து நிக்காது" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அவர்கள் பெரியவர்கள், பொருத்தமாகத்தான் சொன்னார்கள். பன்னிரண்டு மணி வரை சோபாவில் உட்கார்ந்திருந்தோம். ராகு காலம் போனது, இலை வரவில்லை. திரும்பும்போது விளாத்திகுளத்தில் ஒரு ஓட்டலில் கை நனைத்தோம். அந்த ஓட்டல்காரருக்குக் கல்யாண வயதில் மகன் உண்டா என்று விசாரிக்காததுதான் பாக்கி.

இனி நிரூபணம். முந்தாநாள் மண்டி வாசலில் வத்தல் காயப்போட வெள்ளைப் படுதா விரித்திருந்தோம். காரைக் கொண்டுவந்த சூட்டில் முன்பக்கம் படுதாவின் ஓரத்தில் ஏறி நிற்கும்படி விட்டுவிட்டேன். சாயங்காலம் காரை எடுத்தால், படுதாவில் கொய்யாக்காய் அளவுக்குப் பச்சைக் கறை. யாரோ கலர் சோடா குடித்துச் சிந்திவிட்டார்கள் என்று மூட்டை தூக்குகிறவர்களை எல்லாம் ஏசிவிட்டு, அப்புறம்தான் காரைப் பழைய இடத்துக்கே நகர்த்திக் குனிந்து பார்த்தேன். நேர் மேலே தண்ணீர்ப் பம்ப். அதன் அடியில் ஊசித் துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அந்த வழியாகக் கசியும். சூட்டில் ஓடி நின்ற பிறகு கொஞ்ச நேரம் சொட்டும், ஆறினால் நின்றுவிடும். இத்தனை மாதம் அது சொட்டியதெல்லாம் மண்டிக்கு முன்னால் வெடித்துக் கிடக்கும் கரிசலுக்குள். முழங்கை போகிற வெடிப்பு. ஒரு குடம் ஊற்றினாலும் ஈரம் காட்டாது. சிமெண்டுத் தரை உள்ள ஊரில் இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பேன், அண்ணாச்சி. பம்பை மாற்றியாகிவிட்டது. கோடு இறங்கவில்லை.

ஆகவே கொதித்தது சம்பந்தமல்ல, வண்டி. அதற்கு வைத்தியமும் ஆயிற்று. என் மகளுக்கு எந்தக் குறையும் இல்லை; மாப்பிள்ளைக்கும் அவளைப் பிடித்திருந்தது என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது. வேறு ஒரு நல்ல நாள் குறித்துச் சொல்லுங்கள். முந்தின நாளே வந்து உங்கள் ஊர்க் கோவிலில் படுத்துக்கொள்கிறோம். இதற்கு மேல் இறங்கி எழுத எனக்குத் தெரியாது.

உங்கள் பாத்திகளில் உப்பு குன்றாகக் குவியட்டும். மழை வந்தால் உங்கள் அளத்தை விலக்கிக்கொண்டு எங்கள் காட்டில் பெய்யட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் கும்பிடும், சின்னவர்களுக்கு ஆசியும்.

இப்படிக்குத் தங்கள் பதிலை எதிர்பார்க்கும்
செண்பகராஜ்

பின்குறிப்பு: எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி இதை இந்துஜாவிடம் கொடுத்தேன். முழுவதும் வாசித்துவிட்டுக் கேட்டாள்: "ரோட்டுல நிக்கும்போதே அவியளுக்குப் போன் போட்டீங்கல்லாப்பா?"

"போட்டேனே. இன்ன எடத்துல நிக்கோம்னு வெவரமாச் சொன்னேன்."

"நாம போறப்ப அவிய வீட்டு வேன் வாசல்ல நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"டிரைவரு?"

"அதுலதான் ஒறங்கிட்டு இருந்தான்."

அவள் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "கூட்டிட்டு வர அந்த வேன அனுப்பாத வீட்டுக்கு நான் போகல" என்றாள். பொன்மணி அழுவாள் என்று பார்த்தேன். அவள் சோறு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஆகவே மேலே பம்பைப் பற்றி எழுதியது அத்தனையும் சத்தியம். அதற்குக் கீழே கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இனி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, நாங்கள் யோசித்துவிட்டோம். கடிதத்தைக் கிழிக்கலாம் என்றுதான் நினைத்தேன். சம்மதமில்லை என்பதைப் பிறர் வாயால் கேட்பதற்கு நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் அனுப்புகிறேன். அன்று நாங்கள் கொண்டுவந்த தாம்பாளங்கள் உங்கள் கூடத்திலேயே இருந்துவிட்டன. பழம் வாடியிருக்கும், போகட்டும். தட்டுகளைக் கோவில்பட்டி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் நான் ஸ்டாண்டில் வந்து வாங்கிக்கொள்வேன்.