டார்ஜிலிங்கை வென்ற கதை

இந்த முறை தோற்பதில்லை என்று 1993 தை மாதம் ஒரு வியாழக்கிழமை முடிவெடுத்தேன். முடிவெடுத்த இடம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுக் குளியலறை. வீட்டில் நான் நிம்மதியாக முடிவெடுக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். உள்பக்கம் கொண்டி இருக்கிறது.

மனிசி கனகாம்பிகை அன்று காலை பாணுக்கு மாஜரின் பூசிக்கொண்டே குண்டைப் போட்டாள்.

"இஞ்சாருங்கோ, ஏப்ரல் லீவுக்கு மெட்ராஸ் போவம். அண்ணை வீட்டிலை மூண்டு கிழமை நிப்பம்."

ஏப்ரலில் மெட்ராஸ்! அவளுடைய அண்ணன் வீட்டில் இரண்டு அறை, பதினொரு பேர், ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறியும் அண்ணன் பக்கம்தான் திரும்பும். போனமுறை மூன்று கிழமையும் நான் பார்த்த ஊர், தி. நகர் சீலைக்கடை வாசல்கள். கையில் பைகளோடு நின்று பார்த்தேன்.

குளியலறையை விட்டு வீராவேசமாகக் குசினிக்குள் போனேன். சுவரில் புதுக் கலண்டர். தை மாதம்தான், ஆனாலும் சித்திரைப் பக்கம் திறந்து கிடந்தது. பச்சை மலை முழுக்கத் தேயிலை, பின்னால் வெள்ளை வெளேரென்று பனிமலை. கீழே 'டார்ஜிலிங்' என்று போட்டிருந்தது. அட! அங்கே கனகாம்பிகையின் சொந்தம் ஒருவரும் இல்லை. எங்கடை ஆக்கள் போய்ச் சேராத ஊர் உலகத்தில் மிச்சமிருந்தால் அது இதுதான்.

"கனகு, டார்ஜிலிங் போவம்."

"அங்கை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. அதுதான் போவமெண்டுறன்."

"ஆருமில்லாத ஊருக்கு விசரர்தான் போவினம். குளிர் வேறை."

"லண்டனிலை இருந்துகொண்டு குளிருக்குப் பயப்பிடுறியோ?"

"அண்ணை என்ன நினைப்பார்? என்னாலை ஏலாது."

இரண்டு கிழமை யுத்தம். சட்டிபானை எல்லாம் சத்தம் போட்டது. கறியில் உப்பு ஒருநாள் கூடியது, ஒருநாள் குறைந்தது. நான் அசையவில்லை. மூன்றாம் கிழமை அவளே இறங்கி வந்தாள்.

"சரி. நான் என்ரை அண்ணையை விட்டுத் தாறன். நீங்கள் எதை விட்டுத் தருவியள்?"

"எதெண்டாலும்!" வெற்றி மயக்கத்தில் வாயை விட்டேன்.

"ஞாயிற்றுக்கிழமைக் காட்ஸ்."

ஐயோ! எட்டு வருஷமாக ஞாயிறு பின்னேரம் எங்கள் வீட்டில் நாலு பேர் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்து 304 விளையாடுவோம். கிழமை முழுக்க கவுன்சில் ஒஃபிஸில் வாய் திறக்காத நான், துரும்பைக் கவிழ்த்து வைத்து மேசையில் ஓங்கி அடித்து மனிசனாக வாழ்வது அந்த நாலு மணித்தியாலம்தான். ஆனாலும் அந்த மின்விசிறியை நினைத்தேன். தலையாட்டினேன்.

"இன்னொண்டு. ஆருக்கும் மூச்சுக் காட்டாதேங்கோ. இந்தியா போறமெண்டு தெரிஞ்சால் ஆளாளுக்குப் பார்சலோடை வந்து நிப்பினம்."

அதுவும் நியாயம். போனமுறை ஆர் ஆரோ வீட்டுப் பனடோல், சொக்லட், சாமத்தியச் சடங்கு வீடியோ எல்லாம் சுமந்து என் தோள் ஒருபக்கம் இறங்கிவிட்டது. அதனால் காட்ஸ் கூட்டாளி கோபாலகிருஷ்ணனுக்குப் போன் எடுத்து, முழங்கால் நோகுது, இனி இருந்து விளையாட ஏலாது என்று பொய் சொன்னேன்.

"எனக்கும் இடுப்புப் பிடிப்பு, மச்சான்," என்றான். பாவம், நல்ல மனிசன். எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

ஏப்ரல் வந்தது. கல்கத்தாவில் இறங்கி, இன்னொரு பிளேன் ஏறி, பிறகு ஜீப். வளைவுக்கு வளைவு செக்கச்செவேலென்று பூத்த மரங்கள். வருஷத்தின் முதல் கொழுந்தைப் பெண்கள் கிள்ளிக்கொண்டிருந்தார்கள். தேயிலைக் கடைக்காரர் அந்தக் கொழுந்திலேயே இரண்டு கோப்பை ஊற்றி, சாமிக்குப் படைப்பதுபோல் முன்னால் வைத்தார். கனகாம்பிகை எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, இதிலை சாயமே இல்லை. பாலும் சீனியும் கொண்டு வாரும்."

மனிசனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவள் சைகையால் பாலைக் காட்டியதும் அழுதுவிடுவார்போல் நின்றார். நான் சிரித்தேன். எதற்கும் சிரிக்கிற மனநிலை எனக்கு. சொந்தமில்லை, பந்தமில்லை. வென்றுவிட்டேன்!

மறுநாள் பின்னேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஊர்ச் சதுக்கத்தில் தனியே உலாத்தினேன். முன்னால் ஒரு குரங்குத் தொப்பி நடந்தது. அந்த நடை எங்கேயோ பார்த்த நடை. திரும்பியது. கோபாலகிருஷ்ணன்!

"டேய், முழங்கால்?"

"டேய், இடுப்பு?"

அவன் என் காதுக்குள் வந்தான். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. என்ரை மனிசி சிவனேஸ்வரி மெட்ராஸிலை தமக்கை வீட்டை போவமெண்டு ஒற்றைக்காலிலை நிண்டவ. நான் மடக்கி இஞ்சை கொண்டந்திட்டன். காட்ஸை மட்டும் விட்டுக் குடுத்தன்."

"எந்தத் தமக்கை? அவ கனடா போய் ஆறு மாசமெல்லோ! கனகு சொன்னவள்."

அவன் தொப்பியைக் கழற்றினான். "உன்ரை மனிசியின்ரை தமையனும் மார்கழியிலை நோர்வே போட்டாரெண்டு சிவனேஸ்வரி சொன்னவ."

இருவரும் பனிமலையைப் பார்த்தோம். கலண்டரில் பார்த்த அதே மலை.

"மச்சான், உங்கடை குசினியிலை ஒரு கலண்டர்..." என்று இழுத்தான்.

"சித்திரைப் பக்கம். உங்கடையிலையும்?"

"ஓம்."

அங்கே ஒரு வாங்கில் அமர்ந்து இரண்டு பெண்கள் கடலை கொறித்துக்கொண்டிருந்தார்கள். தோள் குலுங்கியது. குளிரில் இல்லை.

"கனகு! நேரை டார்ஜிலிங் எண்டு கேட்டிருக்கலாமே!"

"கேட்டனான். எண்பத்தொன்பதிலை ஒருக்கா, தொண்ணூத்தொண்டிலை ஒருக்கா. ரெண்டு முறையும் ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் கையிலை காட்ஸோடை 'ம்' எண்டனியள்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி, வெண்டிட்டாய். மெட்ராஸே பொய்யெண்டால் காட்ஸைத் திருப்பித் தா."

"ஏலாதப்பா. உங்கடை கதிரையளுக்கு ஆக்கள் வந்தாச்சு. எட்டு வருஷம் பின்னாலை நிண்டு பார்த்தனாங்கள், எங்களுக்கு விளையாடத் தெரியாதோ?"

இப்போதும் எங்கள் வீட்டில் ஞாயிறு பின்னேரம் 304 நடக்கிறது. கனகாம்பிகை, சிவனேஸ்வரி, பழைய கூட்டாளிமாரின் மனிசிமார் எமில்டாவும் ரமாவும். மேசையில் அவர்கள் அடிக்கிற அடியில் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் இரண்டுதரம் கதவைத் தட்டிவிட்டார். குசினியில் கோபாலகிருஷ்ணன் வடை சுடுவான், நான் தேத்தண்ணி போடுவேன். போன கிழமை சீனி கூடிவிட்டதென்று ரமா கோப்பையைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.