கம்பளிக் கழுத்தும் கடலடி ஓநாய் மீனும்

ஸ்கார்வோய் தீவு,
ஈஸ்டருக்கு முந்தைய புதன்கிழமை

மதிப்புக்குரிய தோரா அக்காவுக்கு,

உன் தம்பி ஹால்வோர் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்த வரியை எழுதும் நிமிஷம் வரை நானும் ராக்னில்டும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம். அடுத்த வாரச் சனிக்கிழமைக்குப் பிறகும் இதே வாக்கியத்தை எழுத முடியுமா என்பது எனக்குத் தெரியாது. உன் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், ஆடுகள் நல்லபடியாகக் குட்டி போட்டுக்கொண்டிருக்கும் என்றும் நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நீதான் பேசுவாய், அக்கா. நான் விஷயத்துக்கு வருவதற்குள் உன் அடுப்பில் ஏதாவது பொங்கிவிடும். இது பொறுமையாகக் கேட்கவேண்டிய விஷயம்.

ஈஸ்டர் என்றால் நம் ஆட்கள் எங்கே போவார்கள்? மலைக் குடிலுக்குப் போவார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுவரில் சாத்திவிட்டு, வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டு ஒரு கொலைக் கதை படிப்பார்கள். கொலை புத்தகத்துக்குள்ளேயே இருக்கும், வெளியே வராது. அப்பா அப்படித்தான் செய்தார். பனி அள்ளும் வண்டி ஓட்டிய காலமெல்லாம் நானும் அப்படித்தான் செய்தேன். இந்த வருஷம் நான் உட்கார்ந்திருப்பது வடகடலில் ஒரு பாறைத் தீவில். தண்ணீர் நாலு டிகிரி. நாலு, அக்கா! நம் வீட்டு ஃப்ரிட்ஜில் பால் இருக்கிற குளிர். அதற்குள் மனுஷனை இறக்கிவிட்டு, சுற்றிக்காட்டுவதற்கு ஒரு வழிகாட்டியையும் கூடவே அனுப்புகிறார்கள். இந்தக் குளிரில் எதற்கு என்று கேட்டால், இப்போதுதான் தண்ணீர் தெளிவாக இருக்குமாம், கோடையில் கலங்கிவிடுமாம். கலங்கினால் போகாமல் இருந்துவிடலாமே என்றேன். 

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று உனக்குச் சொல்லியாகவேண்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து ராக்னில்ட் எப்படி ஆகிவிட்டாள் என்பதை நீயே பார்த்தாய். வாழ்நாளெல்லாம் பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று ஊரில் உள்ள அத்தனை வாயையும் பார்த்தவள், அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். காபி ஆறிப்போகும். "என்ன யோசனை?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பாள். குளிர்காலம் முழுக்க ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. டாக்டரிடம் போனோம், அவரும் ஒன்றுமில்லை என்றார். ஒரு நாள் டிவியில் ஓநாய் மீன் என்று ஒன்றைக் காட்டினார்கள். கடன்காரன் கதவைத் தட்டியதுபோல ஒரு மூஞ்சி, வாய் நிறையக் கோணல்மாணலாகப் பல். ராக்னில்ட் எழுந்தே நின்றுவிட்டாள்.

"ஹால்வோர், இங்க பாரு! கடைவாய்ப் பல்லப் பாரு! வருஷா வருஷம் எல்லாம் கொட்டிப் புதுசா முளைக்குமாம். இத நான் நேர்ல பாக்கணும்."

"மீன் கடைல பாக்கலாமே."

"செத்தத நான் எதுக்குப் பாக்கணும்? உயிரோட பாக்கணும்."

அவள் வாயிலிருந்து இத்தனை வாக்கியம் ஒரே நேரத்தில் வந்து எவ்வளவோ நாளாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் சரி என்றுவிட்டேன். மீன் உயிரோடு இருக்கிற இடம் தண்ணீருக்கடி என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. பிறகு முதுகில் காற்றுக் குடுவையோடு தண்ணீருக்கடியில் போவதற்கு ஊர் நீச்சல் குளத்தில் இரண்டு பேரும் பாடம் படித்தோம். குளம் வெதுவெதுப்பாக இருந்தது. அதைப் பார்த்து நான் ஏமாந்துபோனேன். இந்தத் தொழிலில் ஒரு விதி, யாரும் தனியாக இறங்கக்கூடாது, ஜோடி ஜோடியாகத்தான் இறங்கவேண்டும். ஜோடியில் ஒருவர் மேலே வந்தால் கூட இருப்பவரும் மேலே வந்தே ஆகவேண்டும். "என் ஜோடி நீதான். வேற யாரோடயும் நான் எறங்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். ஆக, நான் மாட்டேன் என்றால் அவளும் இல்லை, மீனும் இல்லை, திரும்பவும் ஜன்னல்தான்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். எங்கள் வழிகாட்டி சுன்னிவா என்ற பெண். கெட்டிக்காரி, ஆனால் குளிர் என்ற சொல்லே தெரியாதவள். நீர் புகாத ரப்பர் உடை ஒன்றை மாட்டிவிட்டாள். கன்றுக்குட்டி பிறப்பதுபோல அதன் கழுத்து ஓட்டை வழியாக என் தலை வெளியே வந்தது. உள்ளே உன் ஸ்வெட்டர், நீ பின்னியது, காது வரை கழுத்து வைத்தது. சுன்னிவா அதைப் பார்த்துவிட்டாள். "அருமையான ஸ்வெட்டர்தான், ஆனா இந்தக் கழுத்த உள்ள மடிச்சு விடுங்க, ஹால்வோர். ரப்பர் தோல்லயே ஒட்டணும். நடுவுல ஒரு நூல் இருந்தாலும் அதப் புடிச்சுக்கிட்டுத் தண்ணி உள்ள வந்துரும்" என்றாள். தலையாட்டினேன். ஆனால் அக்கா, சின்ன வயதில் எனக்கு நெஞ்சில் சளி கட்டி, ஊரே பிழைக்கமாட்டான் என்று சொன்னபோது, கழுத்தை மூடாமல் வெளியே போகமாட்டேன் என்று உன்னிடம் சத்தியம் செய்தவன் நான். அறுபது வருஷமாகக் கம்பளி என்னைக் கைவிட்டதில்லை. நேற்று வந்த ரப்பர் சொல்வதைக் கேட்பதா? அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் கழுத்தை மெல்ல இழுத்துப் பழையபடி மேலே விட்டுக்கொண்டேன்.

இறங்கினோம். முதலில் பின்கழுத்தில் யாரோ ஒற்றை விரலை வைத்ததுபோல் இருந்தது. அப்புறம் அந்த விரல் முதுகெலும்போடு இறங்கி, இடுப்பில் கொஞ்சம் நின்று யோசித்து, இரண்டு காலுக்கும் பிரிந்து போய், காலுறையில் குடியேறியது. நான் கத்தினேன். தண்ணீருக்குள் கத்தினால் குமிழிதான் வரும். குமிழிகளைப் பார்த்த சுன்னிவா அழகாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினாள். கடைசியில் மேலே போகவேண்டும் என்று கையைக் காட்டி எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டேன். படகில் என்னைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாகத் தண்ணீரைக் கொட்டினார்கள்.

"கழுத்துல ஏதாச்சும் மாட்டியிருந்துச்சா?" என்று கேட்டாள் சுன்னிவா.

"ஒண்ணுமில்ல. ரப்பர் பழசு போலிருக்கு" என்றேன்.

படகோட்டி பேடர் என் வயதுக்காரன், வாய்க்கொழுப்பு அதிகம். "யோவ், மலைக்காரா, கடல்ல பாதிய உள்ள வெச்சுக்கிட்டு வந்துட்டியே, மிச்சத்துல நாங்க எப்படிய்யா மீன் புடிக்கறது?" என்றான்.  ராக்னில்ட் துண்டை எடுத்து என் தலையைத் துவட்டினாள். அவள் திட்டியிருக்கலாம், அக்கா. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நேற்று வேறு உடை கொடுத்தார்கள். கழுத்தைப் பாதி மட்டும் மேலே விட்டேன், உனக்கும் பாதி மரியாதை, ரப்பருக்கும் பாதி மரியாதை என்று. தண்ணீரும் பாதிதான் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஆனால் ஈஸ்டர் வாரமாயிற்றே, தொடைப் பையில் ஒரு ஆரஞ்சு வைத்திருந்தேன். ஆரஞ்சு இல்லாமல் நம் ஆட்கள் யாராவது இந்த வாரத்தில் வெளியே கிளம்புவார்களா? அடியில் ஒரு பாறைப் பிளவுக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. ஓநாய் மீன்! ராக்னில்ட் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் பயத்தில் எதையாவது பிடிக்கலாம் என்று தொடையைத் தடவியதில் பை திறந்துகொண்டு ஆரஞ்சு வெளியே வந்தது. வந்தது நேரே மேலே கிளம்பிப் போயிற்று. இங்கே ஆபத்து என்றால் வழிகாட்டி ஆரஞ்சு நிறத்தில் ஒரு பலூனை மேலே விடுவாராம். பேடருக்குக் கண் அவ்வளவு போதாது. தண்ணீரில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மிதப்பதைப் பார்த்ததும் சுத்தியலை எடுத்துப் படகின் இரும்பு ஏணியில் அடி அடியென்று அடித்தான். அது எல்லோரும் உடனே மேலே வா என்பதற்கு அடையாளம். மூக்கு உள்ளே போய்விட்டது. நாங்கள் மேலே வந்தோம். பேடர் கையில் என் ஆரஞ்சை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதமாட்டேன்.

ராக்னில்ட் இந்த முறையும் திட்டவில்லை. அறைக்கு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றாள். 

அந்த மீன் வீட்டை விட்டு எங்கும் போகாதாம். ஆண் மீன் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டுகொண்டு, மாசக்கணக்கில் ஒரு வாய் தின்னாமல் காவல் காக்குமாம், சுன்னிவா சொன்னாள். அந்த இடத்தில் நீரோட்டம் அடுத்த வாரச் சனிக்கிழமைதான் நன்றாக அடங்குமாம், அன்றைக்குத் திரும்பப் போகலாம், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டாள். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கொண்டுவந்த கொலைக் கதையை எடுத்தேன். முதல் பக்கத்திலேயே ஓய்வு பெற்ற ஒருவன் தண்ணீரில் மிதக்கிறான். மூடி வைத்துவிட்டேன். கீழே போனால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். போகாமல் மேலேயே இருந்தால் அவள் ஜன்னலோரமே கரைந்து போய்விடுவாளோ என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டு பயத்தையும் ஒரே கட்டிலில் படுக்க வைத்துக்கொண்டு நான் எப்படித் தூங்குவது?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நீ இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ராக்னில்டுக்குப் போன் செய். பனிப் பாரத்தில் நம் மலைக் குடிலின் கூரை சரிந்துவிட்டது, உடனே கிளம்பி வாருங்கள் என்று சொல். கொஞ்சம் அழுதால் நல்லது. நான் மாட்டேன் என்று சொன்னதாக இருக்கக்கூடாது, அக்கா. கூரை சொன்னதாக இருக்கட்டும். கூரைமேல் அவளுக்குக் கோபம் வராது. நீ பொய் சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் கூரை என்றைக்காவது ஒரு நாள் சரியத்தானே போகிறது, கொஞ்சம் முன்கூட்டியே சொன்னதாக நினைத்துக்கொள்.

முழங்காலைக் குளிரில் காட்டாதே. ஆட்டுக்குட்டிகளுக்கு என் அன்பு. பக்கத்து வீட்டுக்காரர் என் மண்வாரியைத் திருப்பிக் கொடுத்தாரா என்று பார். கடவுள் உன்னை மலைமேலேயே வைத்திருக்கட்டும்.

என்றும் உன் சொல் தட்டாத,
கழுத்து மூடிய தம்பி
ஹால்வோர்

பின்குறிப்பு: ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. அக்கா, கூரையைப் பற்றிப் போன் செய்யாதே. புதன்கிழமை இதை எடுத்துக்கொண்டு தபால் வாங்கும் கடைக்குப் போனால், மத்தியானமே பூட்டிவிட்டார்கள். இன்று காலையில்தான் திறந்தார்கள். இதற்குள் வரும் சனிக்கிழமை புயல் என்று செய்தி வந்து, சுன்னிவா தேதியை மாற்றி, நீரோட்டம் கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை என்று ஞாயிற்றுக்கிழமையே எங்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று காலையில் உடை மாட்டும்போது நான் திரும்பவும் கழுத்தை மேலே இழுத்ததை ராக்னில்ட் பார்த்துவிட்டாள். "மூணு தடவையா இதத்தான் பண்ணிக்கிட்டிருக்கியா?" என்று கேட்டாள். அக்காவுக்குச் செய்த சத்தியம் என்றேன். அவள் நகம் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து என் கையில் கொடுத்து, "அக்காவா, மீனா, நீயே சொல்லு" என்றாள். மன்னித்துக்கொள். வெட்டிவிட்டேன். உன் ஸ்வெட்டரின் கழுத்து என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அந்த மீன் பாறைக்குள் முட்டைகளைச் சுற்றிக்கொண்டு, முழு மூஞ்சியையும் காட்டிக்கொண்டு கிடந்தது, பயந்துபோய், அசையாமல். அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு சொந்தக்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ராக்னில்ட் அதன் பல்லை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தாள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள். நல்லா இருக்கியா என்று அர்த்தம். குளிர்காலம் முழுக்க நான்தான் அவளைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அக்கா. நானும் வட்டம் காட்டினேன். முகக் கண்ணாடிக்குள் தண்ணீர். அது கழுத்து வழியாக வந்ததல்ல.

படகில் ஏறியதும் அவள் தன் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்தாள். நாலு டிகிரிக் குளிரில் பல் கூசியது. பாதி எனக்கு, பாதி அவளுக்கு, பேடருக்கு இரண்டு சுளை. கரை வரும் வரை ஓநாய் மீனின் கடைவாய்ப் பல்லைப் பற்றியே பேசினாள், மூச்சு விடாமல், நீ போனில் பேசுவாயே, அப்படி. எனக்கு ஒரு வார்த்தை சொல்ல இடம் கிடைக்கவில்லை. இன்னும் நிறுத்தவில்லை, இதை எழுதும்போதும் பக்கத்தில் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். மே மாதத்துக்கும் ஒரு வாரம் கேட்டிருக்கிறோம். ஆகவே கூரை நிஜமாகவே சரிந்திருந்தாலும் கூப்பிடாதே, அது அங்கேயேதான் கிடக்கும். அதற்குள் கழுத்து இல்லாமல் இரண்டு ஸ்வெட்டர் பின்னி அனுப்பு. அவளுடையதில் ஒரு பை வை, ஆரஞ்சு கொள்ளுகிற அளவுக்கு.