துவைக்காத காக்கிச் சட்டை

என் மதிப்பிற்குரிய வீட்டுக்காரருக்கு,

கடவுள் அருளால் நானும் மகளும் நலம். முதல் வரியில் நலம் என்றுதான் எழுத வேண்டும். மீதியைக் கீழே காண்க.

மூன்று மாதமாக எனக்கு இருமல். பிரார்த்தனையில் உங்கள் பெயர் வரும் இடத்தில்தான் சரியாக இருமல் வரும். யாருக்காகக் கேட்கிறேன் என்று கடவுளே குழம்பியிருப்பார். பக்கத்துத் தெரு டாக்டர் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. சளியில் ரத்தம் கண்டதும் மகளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், இருமலை எண்ணி எழுதி வைத்த என் நோட்டை நீட்டினேன்: திங்கள் நாற்பத்தொன்று, செவ்வாய் ஐம்பத்தாறு, தும்மல் தனிப் பத்தி. டாக்டரம்மா அசந்துபோய் ஸ்கேன் எடுத்தார். சிறு வயதில் வந்த டிபி நுரையீரலில் விட்டுப்போன குழியில் பூஞ்சை உருண்டையாகக் குடியேறியிருக்கிறதாம், அட்வான்ஸ்கூடக் கொடுக்காமல். பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் மருந்து பூஞ்சையை ஒன்றும் செய்யாதாம்.

“வீட்ல பூஞ்சை பிடிச்ச சாமான் ஏதாவது இருக்காம்மா?”

“என் வீட்லயா? தரையில சோத்தைப் போட்டுச் சாப்பிடலாம் டாக்டர்!”

“அம்மா, அப்பாவோட காக்கிச் சட்டை?” என்றாள் உங்கள் மகள். “ரெண்டு வருஷமா துவைக்காம, ஓதம் ஏறின அலமாரியில வச்சு தினமும் மோந்து பாக்குறாங்க டாக்டர்.”

நீங்கள் கிரேன் வேலைக்குக் கிளம்பிய அன்று கழற்றிப் போட்டதுதான். கிரீஸ் வாசனை போய்விடக் கூடாதே என்று வைத்திருந்தேன். கழுத்துப்பட்டையில் பச்சை படர்ந்ததைச் சாயம் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “பூஞ்சைத் துகள் காத்துல எங்கயும் இருக்கும்மா. சட்டைதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா முதல்ல அதை வெளிய போடுங்க” என்றார்.

மகள் மாஸ்க் போட்டுக்கொண்டு அதைப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினாள். வண்டி திரும்பும்வரை வாசலில் நின்றேன். குப்பை வண்டிக்குக் கையசைத்தவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

பூஞ்சை மாத்திரை ஆறு மாதமாவது, சாப்பாட்டோடு, ஒரு வேளை விடாமல். ஈரல் தாங்குகிறதா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. இருமலில் ரத்தம் அதிகம் வந்தால் உடனே ஓடி வரச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் ஒட்டாதாம். ஆகவே பயப்பட ஒன்றுமில்லை. லீவு கேட்டு மேலதிகாரியிடம் பேச்சு வாங்க வேண்டாம். வர வேண்டாம்.

உயரத்தில் ஏறி இறங்கும் உங்கள் கால்களைக் கடவுள் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி

பி.கு.: அப்பாவைப் பயமுறுத்தாதே என்று மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இப்போது கடைக்குப் போயிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. வாருங்கள். ஒரு வாரம் இருந்தால் போதும். ஒரு வாரம் என்று எழுதியதும் பொய்.