தாவீதுக்கும் கோலியாத்துக்கும் நான் கட்டிய வீடு

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் கரோல் பாக்கில் நாற்பது வருடம், தண்ணீர் ஊற்றினால் குளிர்ந்த காற்று வீசும் தகரக் கூலர் செய்து விற்றவன். தில்லி வெயிலை எதிர்த்துத் தனியாளாக நின்றவன் என்றால் மிகையில்லை (கொஞ்சம் மிகைதான்). கடையை மகனிடம் கொடுத்த பிறகு, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. வீட்டில் ஆடாத நாற்காலிக்கெல்லாம் ஆணி அடித்தேன். அதன் பிறகு அவை ஆட ஆரம்பித்தன.

அப்போதுதான் பக்கத்து வீட்டு எஸ்தர் சிஸ்டர் வந்தார். நாகர்கோவில்காரர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கனடா போன மகன் விட்டுச்சென்ற இரண்டு ஆப்பிரிக்க ஆமைகளை வளர்த்து வந்தார். பெயர் தாவீது, கோலியாத். ஒவ்வொன்றும் ஒரு கோதுமை மூட்டை கனம். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அவர் பத்து நாள் ஊருக்குப் போக வேண்டும். பனியோ தொடங்கிவிட்டது.

"ரெடிமேட் பெட்டி ஒண்ணு ஆர்டர் போட்டிருக்கேன் அண்ணாச்சி. உள்ள சூடு நிக்குமாம்."

"நான் இருக்கும்போது ரெடிமேடா? என் தகர வேலைய தில்லி பூரா பேசுது. ஆர்டரை கேன்சல் பண்ணும்மா. ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன்."

"குளிர் பட்டா பிழைக்காது அண்ணாச்சி. எனக்குன்னு இங்க இருக்கது இவிய ரெண்டு பேருதான்."

"அச்சா, அச்சா. நீ ரயிலேறு."

அவர் ரயிலேறினார். நான் தகரத்தை வெட்டினேன், வளைத்தேன், ரிவெட் அடித்தேன். பின்முற்றத்தில் வெயில் காய வந்த நாலு பேருக்கு வாய் என் வாழ்க்கை வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. கை அதன் பாட்டுக்கு வேலை செய்தது. 'என் கைக்குத் தலையோட உதவி தேவையில்ல' என்று அவர்களிடம் நானே சொன்னேன். சாயங்காலத்துக்குள் வீடு தயார். மேலே சூடு தரும் பெரிய பல்பு. அந்தச் சூடு மூலை முடுக்கெல்லாம் போக ஒரு விசிறி. (முழுக்க என் சொந்த யோசனை. யாரும் சொல்லித் தரவில்லை.)

முன்பக்கம் கையை நீட்டினேன். சூடான காற்று உள்ளங்கையில் அடித்தது. "சொர்க்கம்டீ!" என்றேன் மனைவி கோமதியிடம்.

மறுநாள் காலையில் ஆமைகள் இரண்டும் அந்த வீட்டுக்குள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தன. முள்ளங்கிக் கீரை வைத்தது வைத்தபடி இருந்தது. புது வீடு, கூச்சம் என்று நினைத்தேன். ஆனால் உட்கார முடியவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்தேன். தட்டினேன். கூப்பிட்டேன். இன்னும் பெரிய பல்பு மாட்டினேன். விசிறியையும் ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். மூன்றாம் நாள் தாவீதின் மூக்கில் நுரை. சரியாக அந்த நேரத்தில் சிஸ்டரின் வீடியோ கால்.

"பிள்ளைய எங்க அண்ணாச்சி?"

"தூங்குதாவ."

"நேத்தும் தூங்குனாவளே! சாப்பிட்டாவளா?"

"சுகவாசம்மா. எந்திரிக்க மனசில்ல."

போனை வைத்துவிட்டுத் தாவீதின் மூக்கை என் துண்டால் துடைத்தேன். (லேசான ஜலதோஷம் என்று கோமதியிடம் சொன்னேன்.) அவள் முற்றத்துக்குப் போய், அந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, தண்ணி எப்ப ஊத்தப் போறிய?"

"எந்தத் தண்ணி?"

"கூலருக்குத் தண்ணி ஊத்த வேண்டாமா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். மூன்று பக்கமும் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் காற்று வெட்டு. அடியில் தண்ணீர் திறந்துவிட ஓட்டை. பம்பு உட்கார ஓர் இடம்கூட விட்டிருந்தேன். விசிறி மூன்று பக்கத்திலிருந்தும் பனிக்காற்றை உறிஞ்சி ஆமைகள் மேல் விட்டு, பல்பின் சூட்டை மட்டும் பத்திரமாக வெளியே, என் உள்ளங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. நாற்பது வருடப் பழக்கம். கை தலையைக் கேட்கவேயில்லை.

ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வையில் சுற்றி ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து எங்கள் படுக்கையறையில் வைத்து, ஹீட்டர் போட்டோம். கால்நடை டாக்டர் வந்து ஊசி போட்டார். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா..." என்று இந்தியில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சிஸ்டருக்கு நானே போன் செய்து உண்மையைச் சொன்னேன். கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தி அவர் சொன்னார்: "அந்த ரூமை விட்டு வெளிய விடாதிய அண்ணாச்சி. நீங்க வேணும்னா வெளிய போங்க."

நான்கு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை, அவையும் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் காலை கண் விழித்தால் கட்டில் நகர்கிறது. கோலியாத் அடியில் புகுந்து, கட்டிலோடு என்னையும் சேர்த்து அலமாரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறான். பசி! பின்னாலேயே தாவீது, மூக்கில் நுரையில்லாமல். அந்தப் பயணத்தில் நான் அழுதேன் என்று கோமதி இன்றைக்கும் சொல்கிறாள். கண்ணில் தூசி விழுந்தது, அவ்வளவுதான்.

இப்போது ஒவ்வொரு குளிர்காலத்திலும் சிஸ்டர் உத்தரவுப்படி தாவீதும் கோலியாத்தும் என் படுக்கையறையில். நான் ஹாலில், சோபாவில். நான் கட்டிய வீடு? கோடையில் எங்கள் ஹால் ஜன்னலில் நிற்கிறது, தண்ணீர் ஊற்றி. என் ஆயுளில் நான் செய்ததிலேயே அதுதான் பிரமாதமான கூலர். வருகிறவர்கள் எல்லாரும், "என்ன காத்து அண்ணாச்சி! இது எந்த மாடல்?" என்பார்கள்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொடங்குவதற்குள், அடுப்படியிலிருந்து கோமதியின் குரல் வந்துவிடும்.

"ஆமை மாடல்."