தலைவியின் வீட்டுக்காரர்

மரியாதைக்குரிய மச்சான் சீனுவாசன் அவர்களுக்கு, மரக்காணம் குப்பத்திலிருந்து உங்கள் தங்கை கலையரசியின் வீட்டுக்காரன் சிங்காரம் வணக்கத்துடன் எழுதுவது. அங்கே எல்லாரும் நலம் என்று கேள்விப்பட்டேன். இங்கே நான் நலமில்லை. போன் செய்தால் கட் பண்ணிவிடுகிறீர்கள், அதனால்தான் கடிதம். என் பெண்டாட்டியை உடனே திண்டிவனத்திலிருந்து பஸ் ஏற்றி அனுப்பவும்.

நடந்ததை அவள் ஒரு மாதிரி சொல்லியிருப்பாள், நான் நியாயமாகச் சொல்கிறேன். மகளிர் தொழில்முனைவோர் திட்டத்தில் கருவாடு காயவைக்க ஒரு சோலார் கூடாரம் கொடுத்தார்கள், குழுவுக்குத் தலைவி கலையரசி. தலைவி என்றால் பொறுப்பு இருக்கிறதே, அதை யார் சுமப்பது? விழுப்புரத்தில் பயிற்சி என்றதும் நானும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். "இது பொம்பளைங்களுக்குங்க, நீங்க யாரு?" என்று பயிற்சி கொடுத்த திட்ட அதிகாரி பிரபாவதி மேடம் கேட்டார். "தலைவியோட வீட்டுக்காரருங்க. அதுக்கு ஒன்னியும் தெரியாது, என்னாண்ட சொல்லுங்க" என்றேன். இதில் என்ன தப்பு? திறப்பு விழாவில் ஒரு நாற்காலிதான் மிச்சம் இருந்தது, நான் உட்கார்ந்தேன், அவள் டீ கொடுத்தாள். ரிப்பனையும் நானே வெட்டினேன், அவள் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சிரித்தபடியே நின்றால் நேரமாகாதா? மழைக்காலம் வந்ததும் என் வலை, எஞ்சின், டீசல் கேன் எல்லாவற்றையும் கூடாரத்துக்குள் வைத்தேன். "வெளிய எடுய்யா, கருவாட்டுல வாடை ஏறிக்கினு இருக்குது" என்று தினமும் நச்சரித்தாள். "இந்த டீசலாலதான் ஒனக்கு சோறே வந்துக்கினு இருந்திச்சி, பேஜாரு பண்ணாத" என்றேன். ஒரு நாள் கேன் சாய்ந்து தரையெல்லாம் டீசல் கொட்டிவிட்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? சென்னைக்கு அனுப்பிய முதல் சரக்கு மொத்தமும் வாடை என்று திரும்பி வந்தது. குழுப் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். இவள் அழவில்லை, துணியை மடித்துப் பையில் வைத்தாள். "எப்ப வருவே?" என்றால், "நீயே தலைவரா இருந்துக்கோய்யா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கட்டின புருஷனிடம் பேசுகிற பேச்சா இது? அண்ணன் என்ற முறையில் கண்டித்து அனுப்பவும்.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. கடலம்மா உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
சிங்காரம்

பி.கு.: மச்சான், அவளை அனுப்ப வேண்டாம். இதை எழுதித் தபாலில் போடாமல் வைத்திருந்தேன். அதற்குள், அவள் இல்லாமலே நடத்திக் காட்டுகிறேன் என்று கூடாரத்தைக் காலி செய்து, தரை மண்ணை வெட்டிக் கொட்டி, பலகைகளைச் சோடா போட்டுத் தேய்த்து, நெத்திலி வாங்கிக் காயப்போட்டேன். நாய்கூடத் தின்னவில்லை. பிரபாவதி மேடம் வந்து மோந்து பார்த்து, இந்தக் கூடாரம் இனி எதற்கும் ஆகாது, இன்னொன்று தரவும் வழியில்லை என்று பூட்டிக்கொண்டு போய்விட்டார். கலையரசிக்கு இன்னும் தெரியாது. தை மாசம் வந்து நல்லா கழுவி விட்டால் சரியாகிவிடும், மறுபடி ஆரம்பிக்கலாம் என்று குழுவில் இருக்கும் தையல்நாயகியிடம் போனில் சொன்னாளாம். நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.