பேசாத டாக்சிக்காரன்

நுவாக்சோட்,
திங்கட்கிழமை.

அன்புள்ள அக்கா தெக்பருக்கு, கடலோரத்திலிருந்து உன் தம்பி கத்ரி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கு ஒரு கெடுதலும் இல்லையே? வீட்டுக்குக் கெடுதல் இல்லையே? உன் முழங்காலுக்குக் கெடுதல் இல்லையே? ஆடுகளுக்கு, பேரீச்ச மரங்களுக்கு, பக்கத்து வீட்டு வம்புக்காரிக்குக் கெடுதல் இல்லையே? எல்லாவற்றுக்கும் "இல்லை, அல்லாஹ்வுக்கே புகழ்" என்று நீ பதில் சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். இனி நீ கேட்பாய், நானும் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆனால் இங்கே கெடுதல் உண்டு அக்கா. செய்தவன் நான்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ அதை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் பொறுக்குவாய், நம் ஊர் அதார் சந்தை முழுக்க உட்கார்ந்து என் மானத்தைக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

"குளிர்காலத்துல போடா, வெயில் இருக்காது, மகளையும் பாத்துட்டு வந்துரலாம்" என்று சொன்னவள் நீ. வெயில் இல்லைதான். அதற்குப் பதிலாகப் பாலைவனத்தின் பாதியைத் தூக்கிக்கொண்டு வருகிற காற்று ஒரு பக்கம், எலும்புக்குள் ஈரத்தை ஏற்றுகிற கடல் இன்னொரு பக்கம். ஐரோப்பாவில் செத்துப்போன யாரோ ஒருவனின் கம்பளிக் கோட்டைச் சந்தையில் வாங்கிக் கொடுத்தாயே, அதை நான் கழற்றவே இல்லை. மகள் மெக்ஃபூலா தினமும் மீன் சோறு ஆக்கிப் போடுகிறாள், ஆட்டுக்கறி தின்று வளர்ந்தவன் முள் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இதெல்லாம் போகட்டும். வந்த அன்றே என் கண்ணில் பட்டது மருமகன் இல்லாததுதான். மாமனார் கண்ணில் மருமகன் படக்கூடாது, அவர் முன்னால் வாய் திறக்கக்கூடாது, ஒரு வாய் சாப்பிடக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்றே முண்டாசுக்குள் கண்ணை மட்டும் காட்டிக்கொண்டு கூட்டாளிகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்தவன்தானே. பகலில் ஒளிந்தால் மரியாதை. ராத்திரியும் வீட்டுக்கு வராவிட்டால் அதற்கு என்ன பெயர்? வீட்டில் இருப்பதோ ஒரே அறை. முற்றத்தில் மணல் முழங்கால் அளவுக்குக் குவிந்து கிடக்கிறது, மகள்தான் அள்ளுகிறாள். தகப்பன் முன்னால் புருஷன் பேச்சை எடுக்க நம் பெண்களுக்கு நாக்கு வருமா? எனக்கும் கேட்க வாய் வராது. ஆக யாரையும் கேட்காமல் நானே முடிவு கட்டிக்கொண்டேன்: அவன் இவளைக் கைவிட்டுவிட்டான், இவள் மூடி மறைக்கிறாள். அன்றே உனக்குச் சொல்லியனுப்பினேனே, மேளத்தை எடுத்து வெயிலில் காயவை, மகளைத் திருப்பிக் கூட்டி வருகிறேன், புருஷனை விட்டு வருகிற பெண்ணை வரவேற்கிற நம் வழக்கப்படி ஊர்ப் பெண்கள் எல்லாரும் கொட்டட்டும் என்று.

இப்போது டாக்சிக்கு வருகிறேன். ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால் மெக்ஃபூலா, "மூலையில ஒரு டாக்சி நிக்கும் வாப்பா, அதுலயே போங்க, வேற எதுலயும் ஏறாதீங்க" என்பாள். இந்த ஊரில் எந்தக் கார் நின்றாலும் டாக்சிதான் என்பது உனக்குத் தெரியும். பழைய காருக்குள் கறுப்பு முண்டாசைக் கண்வரை இழுத்துக் கட்டிய ஒரு பையன் இருந்தான். இந்தக் காற்றில் யார்தான் கட்டவில்லை? ஸலாம் சொன்னால் தலையை ஆட்டுவான், பேசமாட்டான். காசு நீட்டினால் கையை உதறுவான். வாயே திறக்காத டாக்சிக்காரனை இந்த நகரத்தில் நீ பார்த்திருக்கிறாயா? நான் அசந்துபோனேன் அக்கா. பேசாதவன் கிடைத்தால் உன் தம்பி சும்மா இருப்பானா? எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எனக்கு ஒரு மருமகன் இருக்கான் தம்பி, இஸ்ஸெல்மு-னு பேரு. ஓணான்கூட அடைய ஒரு பொந்து வச்சிருக்கும், இவன் ராத்திரி எங்க போயி அடையுறான்னே தெரியல."

வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பள்ளம் என்று நினைத்தேன்.

மீன்துறைக்கு ஒருநாள் கூட்டிக்கொண்டு போனான். படகுகள் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டு டீக்கு உட்கார்ந்தோம். உட்கார்ந்தது நான்தான், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றான். "குடி தம்பி" என்றால் தலையை ஆட்டினான். நோன்பு வைத்திருக்கிறான், என்ன பக்தியான பிள்ளை என்று, ஆளுக்கு மூன்று கிளாஸ் என்கிற நம் கணக்கில் அவன் பங்கையும் நானே குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன்: "வியாழக்கிழமை என் மகளக் கூட்டிட்டு ஊருக்குப் போறேன். எங்க அக்கா மேளத்தையே வெயில்ல வச்சிட்டா. ஒன்ன மாதிரி ஒருத்தன் முன்னமே கெடச்சிருந்தா நான் ஏன் அந்தத் தறுதலைக்குக் குடுத்திருக்கப் போறேன்?" அவன் திரும்பவே இல்லை. தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது. குளிர் என்று நினைத்தேன்.

திரும்பும் வழியில் மணல் ரோட்டை மூடியிருந்தது. கார் புதைந்தது. அவன் இறங்கிப் பின்னால் தள்ள, நானும் கோட்டோடு இறங்கித் தோள் கொடுத்தேன். அப்போது அடித்த காற்றில் அவன் முண்டாசு அவிழ்ந்து பறந்தது. முகத்தைப் பார்த்தேன். பார்த்து என்ன பயன், அதற்கு முன் நான் பார்த்த முகமா? ஆனால் அந்தப் பையன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, காரையும் சாவியையும் போட்டுவிட்டு, மணல்மேட்டைத் தாண்டி ஓடினான் அக்கா! இந்த நாட்டில் ஒரு கிழவனைக் கண்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் திருடன், இன்னொருவன் மருமகன். திருடனாக இருந்தால் காரையாவது எடுத்துக்கொண்டு போயிருப்பான்.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. ஓணான் வந்தது, தறுதலை வந்தது. வெட்கத்தில் அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்தது. வழியே போனவர்கள் காரைத் தள்ளி ஓட்டி வந்து தெரு மூலையில் விட்டார்கள். மெக்ஃபூலா வாசலுக்கு ஓடி வந்து காரைப் பார்த்தாள், காருக்குள் பார்த்தாள்.

"இத ஓட்டுனவங்க எங்க வாப்பா?"

"தெரியலம்மா."

"அதுலதான்..." தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க வந்ததுலேருந்து அதுலதான் ஒருத்தங்க படுத்துக்கறாங்க. வீட்ல ஒரே அறைதானே. ஊர் டாக்சிக்காரங்க ஒங்கள ஏமாத்திருவாங்கன்னு, வேலைக்கு லீவு போட்டுட்டு..."

அதற்குமேல் அவளுக்கு வாய் வரவில்லை. அந்த 'ஒருத்தங்க' அன்றிலிருந்து காருக்கும் வரவில்லை. நான் மகளைப் பிரித்துக்கொண்டு போகிறேன் என்று நம்பி, கூட்டாளி எவன் வீட்டிலோ கிடக்கிறானாம். மெக்ஃபூலா மீனை என் முன்னால் வைக்கிறாள், முகத்தை வைப்பதில்லை. ஒரு நல்ல குடும்பத்தை என் வாயாலேயே உடைத்துவிட்டேன் அக்கா. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவன் எதிரில் போய் நிற்க வேண்டும், போய் நின்றால் அது அடுத்த குற்றம். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவள் நீ. முழங்காலைப் பார்க்காமல் முதல் வண்டியில் ஏறி வா. நீ அவன் முகத்தைப் பார்க்கலாம். என் மகளை நான் கூட்டிப் போகவில்லை என்று சொல். ஓணானைப் பற்றியும் ஏதாவது சொல்லிச் சமாளி.

அல்லாஹ் உன் நிழலை நீட்டித்து வைக்கட்டும், உன் ஆடுகளைப் பெருக்கட்டும், கிணற்றை வற்றாமல் காக்கட்டும், உன் தம்பிக்குக் கொஞ்சம் ஊமைத்தனத்தைக் கொடுக்கட்டும். எல்லாருக்கும் ஸலாம். வம்புக்காரிக்கும்.

உன் தம்பி,
கத்ரி

பின்குறிப்பு: நீ வர வேண்டாம். இந்தக் கடிதத்தை அதார் வண்டியில் கொடுத்தனுப்ப வெளியே வந்தேன். மூலையில் டாக்சி நின்றது. உள்ளே ஒருவன், புதிய முண்டாசு, கண்வரை. மருமகனிடம் பேசக்கூடாது, சரி. டாக்சிக்காரனிடம் பேசக்கூடாது என்று யார் சொன்னது? பின்சீட்டில் ஏறி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "தம்பி, எனக்கு ஒரு மருமகன் இருக்கான். தங்கமான பிள்ளை. அவனப் பத்தி ஒரு டாக்சிக்காரன்கிட்ட கண்டபடி பேசிட்டேன். மகளக் கூட்டிட்டுப் போகல, நான் மட்டுந்தான் போறேன். அவன எங்கயாச்சும் பாத்தா சொல்லிரு."

வண்டி ரொம்ப தூரம் போனது. பிறகு அந்த முண்டாசுக்குள்ளிருந்து முதல் தடவையாக ஒரு குரல் வந்தது. "ஒங்க மருமகன எனக்குக் கொஞ்சம் பழக்கம் பெரியவரே. கோவக்காரன் இல்ல. அந்த மேளத்த மட்டும் வெயில்லேருந்து எடுத்து உள்ள வைக்கச் சொல்லுங்க."

எடுத்து வைத்துவிடு. வியாழக்கிழமை தனியாக வருகிறேன், நான் கிளம்பினால்தான் அந்தப் பையனுக்குத் தன் வீட்டில் படுக்கை. அதுவரைக்கும் ஆகட்டும் என்று கம்பளிக் கோட்டைக் காரில் மறந்து வைத்துவிட்டேன், எங்கே என்று கேட்காதே. மருமகன் எப்படி என்று சந்தையில் யாராவது கேட்டால், கத்ரி அவனை இன்னும் பார்க்கவே இல்லை என்று சொல்.