காலி வீட்டுக்கு இரட்டை வரி

"ரெண்டு மடங்கா? சாவி வாங்கி பத்து நாள்தானடா ஆகுது!"

சாந்து அப்பிய விரல்களில் நகரசபைக் கடிதம் படபடக்க, டெரிக் கத்தினான். முப்பது வருஷம் ஊரார் சுவரைப் பூசிச் சேர்த்த காசில், யார்க்‌ஷையர் மேட்டுத் தெருவில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றை வாங்கியிருந்தான். அது ஏற்கெனவே மூன்று வருஷம் பூட்டிக் கிடந்ததாம். சொந்தக்காரன் மாறினாலும் காலியாகக் கிடந்த வருஷங்கள் வீட்டோடுதான் வரும். வரியைக் கட்டினால் வீட்டைச் சூடாக்கும் பாய்லருக்கு வைத்திருந்த காசு போச்சு. பாய்லர் இல்லாத வீட்டுக்குள் கால் வைக்கமாட்டேன் என்று மனைவி ஜேனிஸ் சொல்லிவிட்டாள்.

"சாமானைக் கொண்டுபோய்ப் போடு. அப்புறம் எவன் காலின்னு சொல்லுவான்?" என்றான் நெவில். கூடவே சாந்து குழைக்கிறவன். பெண்டாட்டி துரத்தியதிலிருந்து தம்பி வீட்டு சோபாவில் முடங்குகிறவன்.

கட்டிலும் அலமாரியும் போயின. அடுத்த கடிதம் வந்தது. சாமான் இருக்கிறது, ஆள் இல்லை. ஆகவே இது இரண்டாவது வீடு. அதற்கும் இரண்டு மடங்கு.

"அப்ப நீயே போய் இரு," என்றான் நெவில்.

"ஜேனிஸ்?"

"அவ வாடகை வீட்டுலயே இருக்கட்டும். ஒத்தை ஆள் இருந்தா வரியில கால்வாசி தள்ளுபடி. ரெண்டு வீட்டுக்கும் எழுதிப் போடு. மூளைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

டெரிக் குடிபோனான். கம்பளித் தொப்பியும் கோட்டும் போட்டுக்கொண்டு படுத்தான். பக்கத்து வீட்டு ஹெப்வொர்த் அம்மாள் மதிலுக்கு மேலாக இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் ஒன்றை நீட்டினாள்.

"சம்சாரம் விரட்டிட்டாளாமே. சாப்பிடுப்பா, பாவம்."

"ஐயோ, இது வரிக்காகம்மா!"

"எல்லாரும் அப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க."

கிளப்பில் ஆளாளுக்குப் பரிதாபப்பட்டு பீர் வாங்கிக் கொடுத்தார்கள். மாமியார் இருபது வருஷத்தில் முதல்தடவையாக மகளை வாழ்த்தினாள். ஜேனிஸ் மட்டும் போனில் கலகலப்பாக இருந்தாள்.

"அவசரமே இல்லைங்க. பாய்லரை நிதானமா, நல்லதாப் பாத்து வாங்குங்க."

தங்கமான மனசு என்று டெரிக் உருகிப்போனான்.

மூன்றாவது வாரம் நகரசபைப் பெண் சோதனைக்கு வந்தாள். ஈரத் துண்டு, பல்துலக்கி, பாதி தின்ற அப்பம் எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியில் அவன் வெறுங்காலைப் பார்த்தாள்.

"தரை இப்படிச் சில்லுன்னு இருக்கே. செருப்பு இல்லையா சார்?"

"மஞ்சக் கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு. அவசரத்துல பழைய வீட்டுலயே விட்டுட்டேன்."

அவள் ஏதோ எழுதிக்கொண்டாள். "சரி, நீங்க இங்கதான் தனியா இருக்கீங்க. ரெட்டை வரி கிடையாது. தள்ளுபடியும் உண்டு."

டெரிக் குளிரை மறந்து ஒரு குதி குதித்தான். "அந்த வீட்டுக்கும் தள்ளுபடி உண்டுல்லம்மா?"

"அங்க ரெண்டு பேர் இருக்காங்களே சார். காலையில நெவில்னு ஒருத்தர்தான் கதவைத் திறந்தாரு, மஞ்சக் கட்டம் போட்ட செருப்போட."